இரண்டு கார், இரண்டு பழக்கம்: சேலம் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கணவனும் மனைவியும் இரண்டு கார்களை மாற்றி மாற்றி எடுக்கும் வீடுகளில், வண்டிக்கு வரும் கோளாறு பெரும்பாலும் ஓட்டியவரின் குணத்தின் மேல்தான் சுமத்தப்படுகிறது. "இவர் கண்டபடி ஓட்டுவாருங்க", "இவளுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்ற இரண்டு பேச்சும் சேலத்தில் ஒர்க்‌ஷாப் நடத்தும் என் காதில் அன்றாடம் விழுபவை. அப்படி ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தின் நிகழ்வை இங்கே முழுமையாக எழுதுகிறேன். இரண்டு வண்டிகளையும் பிரித்துப் பார்த்து, இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்து உட்கார வைத்தும் கேட்ட பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: எந்த வண்டி எந்த ஓட்டத்துக்குப் போகிறது என்பதை அந்த வீட்டில் யாரும் யோசித்து முடிவு செய்திருக்கவில்லை, சாவி கைமாறும்போது சொல்ல வேண்டியதை இருவருமே சொல்லவில்லை. அவர்கள் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டே எழுதுகிறேன்.

குடும்பமும் வண்டிகளும்

கணவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அண்ணனோடு பங்காக, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் உள்ள சிறிய தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் மலைக்குப் போய் வருவார். பழம் பறிக்கும் காலத்தில் இரவு அங்கேயே தங்குவதும் உண்டு. மனைவி சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். அஸ்தம்பட்டியை அடுத்த வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கும், தம் கல்லூரிக்கும், மாலையில் டியூஷனுக்கும், மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கும் அவரே வண்டி எடுக்கிறார். அவருடைய தாய்வீடு தருமபுரியில் இருப்பதால், மாதம் ஒரு முறையாவது தொப்பூர் வழியாக அங்கே போய் வருவார்.

வீட்டில் இருப்பவை 2015-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றும், 2021-இல் வாங்கிய உயரமான டீசல் கார் ஒன்றும். சின்ன வண்டி, பெரிய வண்டி என்றே அவர்கள் சொல்வதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். இரண்டுமே கணவர் பெயரில் பதிவானவை.

வண்டிகளை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. தோட்டத்துக்குள் போகும் மண்பாதை குறுகலானது, இரு பக்கமும் காபிச் செடி உரசும், புது வண்டியில் கீறல் விழும் என்று கணவர் சின்ன வண்டியை மலைக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளைகள், பைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் எல்லோரும் வசதியாக உட்கார வேண்டும் என்று மனைவி பெரிய வண்டியை ஊருக்குள் வைத்துக்கொண்டார். தருமபுரிக்குப் போகும்போது மட்டும், தாய்வீட்டுத் தெருவில் பெரிய வண்டியைத் திருப்ப முடியாது என்பதால், சின்ன வண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் எல்லாம் சேர்ந்தபோது, நீண்ட ஓட்டத்துக்கென்று செய்யப்பட்ட டீசல் வண்டி நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓடாமல் போயிற்று. ஊருக்குள் ஓடியே சுகமாக மூத்திருக்க வேண்டிய பெட்ரோல் வண்டி மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் இரண்டு பேர் கையில் மாறி மாறிப் போயிற்று.

பழக்கங்களும் நேர் எதிர். அவர் பெட்ரோல் முள் கடைசிக் கோட்டைத் தொட்ட பிறகே பங்க்கைத் தேடுவார். அந்த அம்மா பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். அவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து உட்காருவார். அவர் மனைவியோ நிமிர்ந்து, ஸ்டியரிங்கை ஒட்டி உட்காருவார். சர்வீஸ் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர் மனைவி. சத்தம் வந்தால்தான் சர்வீஸ் என்பவர் கணவர்.

மலை இறக்கத்தில் நடந்தது

அவர்கள் என்னிடம் வந்தது 2024 மே மாதம். வரக் காரணமான சம்பவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விடுமுறைக்குத் தோட்டத்தில் தங்கியிருந்த பிள்ளைகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, மனைவி சின்ன வண்டியில் மலையிலிருந்து இறங்கினார். கணவர் கூலிக் கணக்கு முடிக்க வேண்டியிருந்ததால் பின்தங்கிவிட்டார். கோடைக் கூட்டம், வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது கியரில், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே வளைவுகளைக் கடந்தவருக்கு, அடிவாரத்தை நெருங்கும் நேரத்தில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. அடித்தளம் வரை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. சீட் கணவர் விட்ட இடத்திலிருந்து ஒரு பல் மட்டுமே முன்னால் வந்திருந்ததால், கால் முழுமையாக நீளவேண்டியிருந்தது. மிதியை விட்டு மறுபடி மிதிக்க இடுப்பை நகர்த்த வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்திலும் அவர் இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, முன் வண்டியின் மேல் மோதாமல் மலைப்பக்கத்து ஓடையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். முன் பம்பர் கல்லில் உரசியதைத் தவிர எவருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த நேரத்தில் அவர் செய்தவை முழுக்கச் சரியானவை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

அரைமணி நேரம் கழித்து வேறொரு வண்டியில் வந்து சேர்ந்த கணவர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார்; கல்லுப்போல் நின்றது. சற்று தூரம் ஓட்டியும் பார்த்தார், நன்றாகவே பிடித்தது. "நல்லாத்தானே பிடிக்குது, நீ பயந்துட்டே" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பிறகு வந்த சண்டைக்கெல்லாம் வித்து. மூன்று பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அது தவறான முடிவு.

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.4 கோடி ஜூல். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும். அந்த ஆற்றலை எதிர்க்காற்றும் டயர்களும் சிறிது உண்ணும்; மிச்சத்தை இன்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். வண்டி தாழ்ந்த கியரில் இருந்தால் பெரும்பகுதியை இன்ஜின் பிடித்து வைக்கும். இல்லையென்றால் முழுச் சூடும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும் ஏறி, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர அளவு; ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவை 205, 140. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே மிதிக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய், பேடுக்கு எதுவும் எட்டாது. வண்டி நின்று சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், மிதியும் பழையபடி கெட்டியாகிவிடும். கணவர் வந்து பார்த்தபோது பிரேக் சரியாக இருந்ததற்குக் காரணம் இதுவே. இவ்வகைக் கோளாறு ஆறிய வண்டியில் மிதிக்குத் தெரிவதில்லை; அனுபவித்தவர் சொல்லுக்குத்தான் முதலில் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சின்ன வண்டியைப் பிரித்தபோது சான்று கிடைத்தது. பிரேக் ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. சோதனைக் கருவியில் ஈரம் மிகுந்து காட்டியது. பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது, டிஸ்க்கின் விளிம்பில் சூட்டில் ஏறும் நீலம் படர்ந்திருந்தது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. மட்டம் இறங்கியபோதெல்லாம் கணவர் கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார், ஒரு முறைகூட முழுமையாக வடித்து மாற்றவில்லை. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, "மட்டம் சரியா இருக்குதுல்ல" என்று அவர் விட்டிருந்தார். சர்வீஸ் தேதியை வட்டமிடும் மனைவியோ, அது அவர் வண்டி என்று தலையிடவில்லை.

நியூட்ரலும் மூன்றாம் கியரும்

கணவரிடம் இறங்கும் முறையைக் கேட்டேன். வளைவுக்கு வளைவு இடையில் உள்ள நீண்ட இறக்கங்களில் நியூட்ரலில் விடுவதாகவும், அதனால் பெட்ரோல் மிச்சம் என்றும் சொன்னார். கார்புரேட்டர் இருந்த காலத்தில் ஓட்டக் கற்றவர்களிடம் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் நிலை தலைகீழ். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் எரிபொருள் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் செலவாகும். அதாவது அவர் மிச்சம் பிடிக்கவில்லை, செலவழித்துப் பிரேக்கையும் எரித்திருக்கிறார். தருமபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் கனரக லாரிகள் நியூட்ரலில் இறங்கிக் கட்டுப்பாட்டை இழக்கும் செய்தியை நாம் எத்தனை முறை படிக்கிறோம். அதே இயற்பியல்தான் சிறிய காருக்கும்.

பிறகு ஏன் அவருக்கு இதுவரை பிரேக் கைவிடவில்லை? அவர் தனியாக, அதிகாலையிலோ இரவிலோ, காலியான பாதையில் குளிர்ந்த காற்றில் இறங்குபவர். இடையில் டீக்கு நிறுத்துபவர். மிதி கொஞ்சம் கீழே போனாலும் இரண்டு முறை அடித்து மிதித்து மேலே கொண்டுவரும் பழக்கம் அவர் காலுக்கு வந்துவிட்டது. மனைவி இறங்கியதோ முழுச் சுமையோடு, நண்பகல் வெயிலில், காற்றோட்டமே இல்லாத ஊர்வல வேகத்தில். அவர் பங்குக்கு ஒரு பழக்கமும் சேர்ந்தது: இரண்டாவது கியரில் இன்ஜின் இரைவது வண்டியை வதைப்பதுபோல் தோன்றியதால், அவர் எப்போதும் மூன்றிலேயே இறங்குவார். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதை அவருக்கு எவரும் கற்றுத்தரவில்லை. ஊருக்குள் கற்றுக்கொடுத்து உரிமம் வாங்கித்தரும் பயிற்சியில் அதற்கு இடமிருப்பதில்லை.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்தபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி. "பிரேக் கொஞ்சம் கீழ போகும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க?"

"எனக்கு அது பழகிப்போச்சும்மா. ரெண்டு தடவ மிதிச்சா பிடிச்சுக்கும். அதைப் போய்ச் சொல்லணும்னு தோணவே இல்ல" என்றார் கணவர்.

அவர் மறைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஒரே ஆள் ஓட்டும் வண்டியில், கோளாறு மெல்ல மெல்ல வளரும்போது ஓட்டுபவரின் கை கால் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. சில மாதங்களில் அது கோளாறாகவே தோன்றாமல் போய்விடுகிறது. வண்டி இன்னொருவர் கைக்கு மாறும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் அது மீண்டும் கோளாறாகிறது. பகிர்ந்து ஓட்டும் வீடுகளில் விபத்துக்கான வாய்ப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

டயரிலும் இதே கதை. மண்பாதையில் குலுங்காமல் இருக்க அவர் காற்றைக் குறைத்து ஓட்டுவார். நான்கு டயர்களின் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட முன்னதாகத் தேய்ந்திருந்தன. அதே காற்றோடு மனைவி தருமபுரிச் சாலையில் நெடுஞ்சாலை வேகத்தில் போய் வந்திருக்கிறார். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் பக்கவாட்டில் நெளிந்து சூடேறும், வெடிக்கவும் கூடும். இதை அறிந்ததும் கணவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

பெரிய வண்டியின் ஆரஞ்சு விளக்கு

இதற்குள் பெரிய வண்டிக்கும் ஒரு பெரிய செலவு காத்திருந்தது. டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு ஒன்று வந்து வந்து போவதாகவும், இன்ஜின் இழுவை குறைந்துவிட்டதாகவும் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறார். "அப்புறம் பார்க்கலாம்" என்பதே கிடைத்த பதில். கணவரின் கணக்கில், அந்த வண்டி "ஊருக்குள்ள உருட்டறதுதானே", அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு பி.எஸ். 6 மாசு விதி கட்டாயம். அதன்படி வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்குப் புகையின் வெப்பம் 600 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும். நிற்காமல் பதினைந்து இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓடினால் இது தடையின்றி நடந்துவிடும். அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில் எங்கே நடக்கும்? 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினாலும் இன்ஜின் சூடாகும் முன் இறங்கிவிடுகிறோம்.

எரிக்கத் தொடங்கும்போதெல்லாம் கல்லூரி வாசல் வந்துவிடும். இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாகச் சுழல்வதும், மின்விசிறி இரைவதும், சூட்டு வாடை வருவதும் கோளாறென்று அஞ்சி, வண்டியைக் காக்கும் எண்ணத்திலேயே மனைவி உடனே அணைத்துவிடுவார். பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பிலும், வெப்பம் ஏற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் கோலை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தபோது, மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தேய்த்தால் வழுவழுப்புக் குறைந்து டீசல் மணந்தது. ஆயில் குறைந்தால் பயப்படும் நாம், கூடினால் நல்லது என்று நினைக்கிறோம். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும் என்பதால், அந்தக் கோலைக் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வடிகட்டியைக் கருவி வைத்து எரித்துச் சுத்தம் செய்தோம், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். வடிகட்டியையே மாற்றும் பெருஞ்செலவு தப்பியது. கிளட்ச்சும் தேய்ந்திருந்தது. நெரிசலில் அரை கிளட்ச்சில் நிற்பதும், ஓடும்போது இடது காலை அதன் மேலேயே வைத்திருப்பதும் அந்த அம்மாவின் பழக்கம். அது அவர் திருத்திக்கொள்ள வேண்டியதுதான், சொன்னவுடன் ஒப்புக்கொண்டார்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

என் முதல் ஆலோசனை வண்டிகளை இடம் மாற்றுவது. பெரிய வண்டி மலைக்கும் தருமபுரிக்கும் போகட்டும்; ஏற்றத்தில் சுமையோடு உழைக்கும்போதும், நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் அந்த வடிகட்டி தானாகத் துப்புரவாகும். சின்ன வண்டி ஊருக்குள் ஓடட்டும். சொல்வது எளிது; ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு எதிர்ப்பு இருந்தது. கீறலுக்குப் பயந்த கணவர், தோட்டத்து நுழைவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, உள்ளே ஆட்களோடு ஜீப்பில் போவது என்று முடிவு செய்ய நாளாயிற்று. தருமபுரியில் தெருமுனையில் உள்ள உறவினர் வீட்டு வாசலில் பெரிய வண்டியை விட ஏற்பாடாயிற்று. மாமியாருக்கு மட்டும் சின்ன வண்டியில் தாழ உட்கார்ந்து எழுவது வலிக்கிறது. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளில் பெரிய வண்டி வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கேட்டது நியாயம், கணவரும் மலைப் பயணத்தைத் தள்ளிப்போட ஒப்பினார்.

காப்பீட்டுத் தாள்களைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வண்டிச் சேதத்துக்கும் மூன்றாம் நபர் இழப்புக்கும், செல்லுபடியாகும் உரிமம் உள்ள மனைவி ஓட்டினாலும் காப்பீடு உண்டு. ஆனால் கட்டாயமாகச் சேர்க்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு வண்டியும் கணவர் பெயரில் இருந்ததால், அந்த வீட்டில் தினமும் ஓட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பே இல்லாமல் இருந்தது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்துச் சின்ன வண்டியை மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கணவர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி அவர் மனைவிக்கு வராது என்பதால் பிரீமியம் கூடியது; கூடியது தகும் என்றே நானும் சொன்னேன். பெரிய வண்டியை அவர் எடுக்கும் நாட்களுக்காக, அவர் பெயரில் தனி விபத்துக் காப்பீடும் எடுத்தார்கள்.

சாவி கைமாறும்போது செய்ய வேண்டியதைக் குறைவாகவே வைத்தேன், கூடினால் எவரும் செய்யமாட்டார்கள். வாங்குபவர் சீட்டை இழுத்து, பிரேக்கை அடிவரை மிதித்தும் முழங்கால் சற்று மடிந்திருக்கிறதா என்றும், நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்து, கண்ணாடிகளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர், போன முறைக்கும் இந்த முறைக்கும் வண்டியில் எது மாறியிருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். காற்று குறைத்திருந்தால், விளக்கு எரிந்திருந்தால், மிதி ஒரு விரல் கீழே போனால், அற்பமாகத் தோன்றினாலும் சொல்ல வேண்டும். நேரில் பார்க்க முடியாத நாளில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிக்கொள்கிறார்கள். மனைவியை அடிவாரத்திலிருந்து மேலே ஓட்டச் செய்து, இரண்டாம் கியரில் இறங்கவும், அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியின்படி ஒதுங்கவும் கணவரே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். இரைச்சலுக்குப் பயம் போன பிறகு, அவர்தான் இப்போது கணவரின் நியூட்ரலைக் கண்டிக்கிறார்.

மற்றவற்றில் நான் தலையிடவில்லை. காபி மூட்டை வாடை, பாட்டுச் சத்தம், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை, ஏ.சி. குளிர் இவையெல்லாம் அவரவர் விருப்பம். அதில் ஒர்க்‌ஷாப்காரனுக்கு வேலை இல்லை. பெட்ரோல் முள்ளையும் அவர்கள் அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள், நான் ஒப்பவில்லை. டேங்கில் எரிபொருள் மிகக் குறைவாக இருக்கும்போது செங்குத்து ஏற்றத்திலும் வளைவிலும் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் வண்டி நின்றுபோகக் கூடும். வளைவுகளுக்கு நடுவே பங்க்கும் இல்லை. கால் டேங்குக்குக் கீழே மலை ஏறுவதில்லை என்று கணவர் ஒத்துக்கொண்டார். மனைவி கேட்ட அரை டேங்க் அவருக்கு இன்னும் அதிகமாகவே படுகிறது.

பின்னர்

மே முடிந்து மழைக்காலம் வரை பெரிய வண்டியில் விளக்கு வரவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, பெரிய வண்டி மறுபடி ஊருக்குள்ளேயே ஓடியது, விளக்கும் வந்தது. இம்முறை மனைவி என்னைக் கூப்பிடவில்லை. ஓமலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் சீராக ஓட்டிப் போய்த் திரும்பியபோது விளக்கு அணைந்திருந்ததாக, பின்னர் ஆயில் மாற்ற வந்தபோது சொன்னார். ஆயில் கோலை அவரே உருவிப் பார்த்திருந்தார். மட்டம் கோட்டுக்குள் இருந்தது.

கணவர் சீட்டைச் சாய்த்து விட்டுப் போவது நிற்கவில்லை. அதற்காகச் சண்டை இல்லை, எடுப்பவர் சரிசெய்துகொள்கிறார். அடுத்த ஆண்டு மூத்த மகளுக்குப் பதினெட்டு நிறைகிறது, எல்.எல்.ஆர். போட்டதும் அவள் கற்கப் போவது சின்ன வண்டியில் என்றும், மலைப்பாதையை அம்மாவே சொல்லித்தருவது என்றும் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். அதற்குமுன் பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய மாதத்தை எழுதிய ஸ்டிக்கர் இரண்டு வண்டிகளின் பானெட்டுக்குள்ளும் ஒட்டப்பட்டிருக்கிறது.